பிணையம் கிடைக்கவில்லை: ஒரு டிவி திரையை வாசித்தல்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். தங்கச்சிமடம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதோ குறையுதே என்று தோன்றியது. காப்பி குடித்து முடித்த பிறகுதான் பிடிபட்டது. சாயங்கால நேரம், டிவி ஓடவில்லை.

"என்னம்மா, டிவி போடலயா?"

"அது ஓடி மூணு வாரமாச்சு தம்பி."

"ஏன் சொல்லல? தினம் போன்ல பேசுறோமே?"

"நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போல. ஆபீஸ்ல இருக்கிற புள்ளைக்குப் போன் போட்டு இதயா சொல்லுவாக?"

டிவியைப் போட்டுப் பார்த்தேன். நீலத் திரையில் சுத்தமான தமிழ் எழுத்துருவில் இரண்டு வரி: "பிணையம் கிடைக்கவில்லை. கடவுச்சொல்லைச் சரிபார்த்து மீண்டும் முயலவும்."

"பிணையம்னா ஜாமீன்தானே தம்பி? டிவிக்கு எதுக்கு ஜாமீன்?" என்று அம்மா கேட்டார். சிரித்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தியது. அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதைவிட, மூன்று வாரமாக ஒரு வயசான மனுஷி தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது சிரிக்கிற விஷயமே இல்லை.

இந்தக் குறிப்பு அந்த இரண்டு வரியைப் பற்றிய விமர்சனம். சினிமாவையும் நாவலையும் விமர்சிக்கிறோம். ஒரு நாவலை வாங்கியவர்களில் பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை. வைஃபை இணைப்புத் திரையை வாங்கியவர்கள் எல்லோரும் படித்தே ஆகவேண்டும். அப்படிப்பட்ட எழுத்தைத்தான் நாம் யாரும் விமர்சிப்பதில்லை.

முதலில், பழைய திரை

எங்கள் கரைக்கு டிவி கடல் தாண்டித்தான் வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிவிட்டது. ஆனால் சென்னைக்கும் எங்களுக்கும் நடுவே நானூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த அலை இங்கே எட்டாது. அக்கரையில் 1979-ல் ஐடிஎன், 1982-ல் ஜப்பான் அரசின் உதவியோடு ரூபவாஹினி. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். ரூபவாஹினியின் முக்கியக் கோபுரம் 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையில். வடக்கே கொக்காவிலில் ஒரு அஞ்சல் நிலையமும் இருந்தது. ஆக, ராமநாதபுரம் கடற்கரையில் டிவி வைத்திருந்தவர்கள் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி, பூஸ்டர் மாட்டி, பக்கத்து நாட்டைப் பார்த்தார்கள்.

எங்கள் தெருவில் முதல் டிவி ஒரு சம்மாட்டி வீட்டில். நான் அந்த வீட்டுத் திண்ணையில் இடம்பிடித்த பொடியன்களில் ஒருவன். பிறகு எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. படம் மங்கினால் வேலை மூன்று பேருக்கு. அப்பா வெளியே இரும்பு பைப்பை அடியில் பிடித்துத் திருப்புவார். அம்மா டிவி முன்னால். நான் வாசலில் நின்று இங்கே சொல்வதை அங்கே கத்துகிற அஞ்சல் நிலையம்.

"தெரியுதா?"

"புள்ளி புள்ளியா இருக்காம்!"

"இப்ப?"

"போச்சு போச்சு, பழையபடி திருப்பு!"

அப்பா திசையைக் காற்றின் பெயரில்தான் சொல்லுவார். கொண்டலுக்குக் கொஞ்சம், சோளகத்துக்கு ஒரு துளி. வள்ளத்தில் பழகிய கை. படம் தெளிந்ததும் பைப்புக்கு அடியில் கல் வைத்து இறுக்கிவிடுவார்.

அந்த ஆன்டெனாவும் ஜப்பான் சரக்குதான். தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உதா, ஹிதேத்சுகு யாகி என்ற இரண்டு பேர் 1926-ல் உருவாக்கியது. வரிசையாக அலுமினியக் குச்சிகள், மீன் முள் மாதிரி. ஒரு திசையில் வருவதை நன்றாக வாங்கும், மற்ற திசையில் காது கேட்காது. அதனால்தான் திருப்பத் திருப்பப் படம் மாறியது.

விமர்சனத்துக்குத் தேவையான விஷயம் இதில் ஒன்றுதான். திரையில் வந்த அந்தப் புள்ளிகள் ஒரு எரர் மெசேஜ். எழுத்துத் தெரியாதவர்களும் படிக்கக்கூடிய எரர் மெசேஜ். புள்ளி குறைந்தால் சரியான பக்கம் போகிறோம், கூடினால் தப்பான பக்கம். பிரச்சினை எவ்வளவு, எந்தத் திசையில் என்ற இரண்டையும் அது விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், அது யாரையும் குற்றம் சொல்லவில்லை. படம் வராத ராத்திரிகளில் எங்கள் வீட்டில் சொன்ன காரணம் "இன்னைக்குக் காத்து சரியில்ல" என்பதுதான். அறிவியல்படியும் அது பாதி உண்மை. கடல்மேல் சூடும் ஈரமும் அடுக்கடுக்காக நிற்கும்போது அலைகள் அதற்குள் மாட்டிக்கொண்டு தொடுவானம் தாண்டியும் ஓடிவரும். காற்று மாறினால் படமும் போகும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. பாதி நாள் படம் வராது, வந்தாலும் செய்தி சிங்களத்தில் இருக்கும், உப்புக்காற்றில் ஆன்டெனா மூன்று வருஷத்தில் பொடிப்பொடியாகும். அக்கரைக் கோபுரத்தின் தலையெழுத்தும் நம் கையில் இல்லை. கொக்காவில் நிலையம் 1990-ல் போரில் அழிந்தது. 174 மீட்டர் உயரத்தில் புதுக் கோபுரம் எழுந்தது 2011-ல்தான். பழைய திரை நல்ல திரை என்பதல்ல என் வாதம். அது படிக்கக்கூடிய திரை.

புதுத் திரையில் என்ன நடந்தது

இப்போது வீட்டில் இருப்பது ஸ்மார்ட் டிவி. கேபிளை நிறுத்திவிட்டு ஃபைபர் இணைப்பு எடுத்தோம். சேனல்கள் எல்லாம் அதே வழியில், செயலிக்குள். முடிவு என்னுடையது, காசு மிச்சம் என்று நான்தான் சொன்னேன். அதன் விளைவு, வைஃபை போனால் அம்மாவுக்கு எல்லாமே போகும்.

கொஞ்ச நாள் முன்பு வந்த ஆள் பழைய ரூட்டரை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டியிருக்கிறார். அதில் இரண்டு பெயர்: ஒன்று சாதாரணமாக, இன்னொன்று கடைசியில் 5ஜி என்ற ஒட்டுடன். டிவியை 5ஜி பெயரில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். ஓடியது. பிறகு ஒருநாள் கரண்ட் போய் வந்தது. அதற்கப்புறம் ஓடவில்லை.

அந்த ஒட்டைப் பற்றியே ஒரு பாரா எழுதலாம். வைஃபை பெயரில் வரும் 5ஜி என்பது 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. செல்போனின் 5ஜி ஐந்தாம் தலைமுறை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. "அது போனுக்கு உள்ளது, இது டிவிக்கு உள்ளது" என்று அம்மா புரிந்துகொண்டிருந்தார். வேறு எப்படிப் புரிந்துகொள்ள முடியும்?

நான் ரூட்டருக்குள் போய்ப் பார்த்தேன். கரண்ட் வந்து மறுபடி தொடங்கியபோது ரூட்டர் தானாக 100-ஆம் சேனலுக்குத் தாவியிருந்தது. 5 ஜிகாஹெர்ட்ஸில் 52-இலிருந்து 144 வரையிலான சேனல்கள் ரேடார்களும் புழங்கும் இடம். அங்கே ரேடார் தென்பட்டால் வைஃபை ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று பல நாடுகளில் விதி உண்டு. அந்தத் தொல்லை வேண்டாம் என்று சில டிவிகள் அந்தச் சேனல்களைத் தேடுவதே இல்லை. இந்தியா இந்த அலைவரிசைகளில் பெரும்பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டதே 2018 அக்டோபரில்தான். எங்கள் வீட்டு டிவிக்கு 100 என்ற சேனல் கிடையவே கிடையாது. இரண்டடி தள்ளி ரூட்டர் கத்திக்கொண்டிருக்கிறது, டிவிக்குக் காது கேட்கவில்லை.

சேனலை 36 என்று நிரந்தரமாக வைத்தேன். அரை நிமிஷத்தில் டிவி சேர்ந்துகொண்டது. கடவுச்சொல்லில் எந்தத் தப்பும் இல்லை. அம்மா ஒன்றையும் கெடுக்கவில்லை.

டிவிக்குத் தெரிந்தது, திரை சொன்னது

இனி விமர்சனத்தின் மையம். டிவி வைஃபையில் சேர்வது ஒரே செயல் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே ஐந்து படி.

ஒன்று, தேடல். ரூட்டர் விநாடிக்குச் சுமார் பத்து முறை "நான் இங்கே இருக்கிறேன்" என்று அறிவிக்கும். டிவி ஒவ்வொரு சேனலாகப் போய் அதைக் கேட்கும்.

இரண்டு, சேர்தல். "உள்ளே வரலாமா?" "வா." அவ்வளவுதான், இங்கே கடவுச்சொல் கிடையாது.

மூன்று, சாவிப் பரிசோதனை. கடவுச்சொல் காற்றில் போவதே இல்லை. டபிள்யூபிஏ2 முறையில் இரண்டு பக்கமும் கடவுச்சொல்லையும் வைஃபை பெயரையும் கலந்து 4,096 சுற்று கணக்குப் போட்டு ஒரு சாவி செய்யும். பிறகு நாலு செய்திகளைப் பரிமாறி இரண்டு சாவியும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளும். கடவுச்சொல் தப்பென்றால் இந்த இடத்தில்தான் நிற்கும்.

நான்கு, முகவரி. ரூட்டர் டிவிக்கு ஒரு ஐபி எண் கொடுக்கும்.

ஐந்து, வெளியுலகம். டிவி ஏதோ ஒரு சர்வரைத் தொட்டுப் பார்த்து இணையம் இருக்கிறதா என்று உறுதிசெய்யும். டிவியின் தேதி தப்பாக இருந்தால்கூட இந்தப் படியில் தடுக்கலாம், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி போலத் தெரியும் என்பதால்.

ஐந்து படியில் எதில் வழுக்கியது என்று டிவிக்குத் துல்லியமாகத் தெரியும். மூன்றாம் படியில் நேரம் கடந்துபோனால் அதற்கென்றே 15 என்று ஒரு எண் 802.11 தரத்தில் இருக்கிறது. எங்கள் டிவி வழுக்கியது முதல் படியில். கடவுச்சொல் கேட்கும் மூன்றாம் படிக்கு அது போகவே இல்லை. ஆனால் திரை என்ன சொன்னது? "கடவுச்சொல்லைச் சரிபார்க்கவும்."

இதைச் சுருக்கம் என்று விட முடியாது, இது பொய். எண்ணம் பொய் சொல்வதாக இல்லாமல் இருக்கலாம், விளைவு அதுதான். தனக்குத் தெரிந்த காரணத்தை மறைத்து, தெரியாத ஒருவர் மேல் பழியைப் போடுகிறது. பழைய திரையில் குற்றம் காற்றின் மேல். புதுத் திரையில் குற்றம் அம்மாவின் மேல்.

ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு 1971-ல் அலோஹாநெட் என்று ஒன்றை ஓடவிட்டது. தீவுக்குத் தீவு கம்பி இழுக்க வழியில்லாத இடத்தில் கணினிகளை வானொலி அலையில் பேசவைத்தார்கள். ஈதர்நெட்டும், இன்றைய வைஃபையும் அந்த யோசனையின் வழிவந்தவை. அதன் உயிர்நாடி எளிமையானது. சொல், பதில் வருகிறதா பார், வரவில்லையென்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடி சொல். "தெரியுதா?" என்று அப்பா கேட்டதும் நான் பதில் கத்தியதும் அதே முறைதான். தீவுக்காரர்களுக்கு இது இயல்பாக வரும் போல. வைஃபைக்குள் இரண்டு இயந்திரங்களும் இன்றைக்கும் அப்படித்தான் விநாடிக்குப் பல நூறு முறை ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்கின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் மனுஷிக்கு மட்டும் பதில் இல்லை.

பிணையம் என்ற சொல்

மொழிக்கு வருவோம். பிணையம் தப்பான தமிழ் இல்லை. பிணைத்தல் என்றால் கட்டுதல், அதிலிருந்து வந்தது. கலைச்சொல் ஆக்கியவர்கள் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் ஒரு சொல்லுக்கு அகராதியில் ஒரு வாழ்க்கை, கரையில் ஒரு வாழ்க்கை. ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதியில் பிணை என்றால் மனசில் வருவது கோர்ட்டு. கடலுக்குப் போன ஆட்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய் மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ நீதிமன்றத்தில் நிறுத்தும். காவல் நீட்டிப்பா, விடுதலையா என்று குடும்பங்கள் செய்திக்குக் காத்திருக்கும். அப்படிப்பட்ட ஊரில், அந்தச் செய்தியைக் காட்டவேண்டிய பெட்டியே "பிணையம் கிடைக்கவில்லை" என்று எழுதி நிற்கிறது.

அக்கரைத் தமிழில் இதற்கு வலையமைப்பு என்பார்கள். வலையைத் தெரியாத வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டாம். அதுவும் வேண்டாமென்றால் வைஃபை என்றே எழுதலாமே, எல்லோருக்கும் புரியும். "வைஃபை கண்ணுக்குத் தெரியவில்லை. ரூட்டரில் விளக்கு எரிகிறதா பாருங்கள்." இந்த இரண்டு வாக்கியம் இருந்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. திரை முழுக்கத் தமிழில் பேசிக்கொண்டே வந்து, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவும். டபிள்யூபிஏ2 கடவுச்சொல் 8 முதல் 63 ஆங்கிலக் குறிகளாகத்தான் இருக்கமுடியும். ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் அச்சடித்த அந்தச் சொல்லில் ஒன்று என்ற எண்ணா, ஐ என்ற எழுத்தா, சின்ன எல்லா? எனக்கே கண்ணாடி தேவைப்பட்டது.

வைஃபை பெயரையாவது தமிழில் வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் மொத்தம் 32 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், மேலே வைக்கும் புள்ளிக்கும், கொம்புக்கும், காலுக்கும் தனித்தனியாக மூன்று பைட். ராமேஸ்வரம் 30 பைட், தப்பித்தது. பாம்பன் 21. தங்கச்சிமடம் 36 பைட், இடம் கொள்ளாது. எட்டே எழுத்துள்ள எங்கள் ஊர்ப் பெயரை எங்கள் வீட்டு வைஃபைக்கு வைக்க முடியாது.

நூறு அமுக்கல்

ரிமோட்டில் கடவுச்சொல் அடிப்பது எவ்வளவு வேலை என்று கணக்குப் போட்டேன். திரை விசைப்பலகை பத்துக்கு நாலு கட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு எழுத்திலிருந்து ஏதோ ஒரு எழுத்துக்கு நகர சராசரியாகப் பக்கவாட்டில் 3.3, மேலும் கீழும் 1.25, ஆக நாலரை. ஓகே பொத்தானையும் சேர்த்தால் ஐந்தரை. 16 எழுத்துக் கடவுச்சொல்லுக்கு 88 அமுக்கல். பெரிய எழுத்துக்கும் குறியீட்டுக்கும் மாறிமாறித் தாவுவதைச் சேர்த்தால் நூறைத் தாண்டும். அடித்ததெல்லாம் கருப்புப் புள்ளியாக மறைந்துவிடும், எங்கே தவறினோம் என்று தெரியாது. தன் வீட்டு ஹாலில் தனியாக உட்கார்ந்திருப்பவரிடமிருந்து எதை மறைக்கிறார்கள்?

அம்மா மூன்று தடவை முழுசாக அடித்துப் பார்த்திருக்கிறார். முந்நூறு அமுக்கல், சரியான கடவுச்சொல், தப்பான காரணம். நாலாவது தடவை ரிமோட்டை டிவிக்கு மேல் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. க்யூஆர் குறியைப் போனில் காட்டிச் சேர்க்கும் தரம் ஒன்றை வைஃபை கூட்டமைப்பு 2018-லேயே வெளியிட்டுவிட்டது. பட்ஜெட் டிவிகளில் அதை நான் இன்னும் பார்க்கவில்லை.

யாருக்காக இந்த இணைப்பு?

ஒரு நியாயமான கேள்வி வரும். இணைப்புக் கிடைக்காவிட்டால் கம்பெனிக்கும் நஷ்டம்தானே, பிறகு ஏன் திரையை இவ்வளவு மோசமாக வைத்திருக்கிறார்கள்?

பழைய டிவி விற்றவுடன் கம்பெனிக்கும் நமக்கும் உறவு முடிந்தது. புது டிவியில் உறவு இணைந்த பிறகுதான் தொடங்குகிறது: விளம்பரம், செயலிகள், நாம் என்ன பார்க்கிறோம் என்ற தகவல். அமெரிக்காவில் விஜியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் மக்கள் பார்ப்பதை அனுமதியில்லாமல் சேகரித்தது என்ற வழக்கில் 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அதனால்தான் "கணக்கில் உள்நுழைக" என்ற பொத்தான் பெரிசாகவும் "இப்போது வேண்டாம்" பொடியாகவும் இருக்கிறது. அந்தப் பொத்தான்களுக்குப் போட்ட யோசனையில் கால்வாசி எரர் திரைக்குப் போட்டிருக்கலாம். ஆனால் எரர் திரையில் மாட்டிக்கொள்பவர்கள் சிலர்தான், அவர்களிலும் பெரும்பாலோர் வயசானவர்கள், பிள்ளையோ பேரனோ வந்து சரிசெய்துவிடுவான். கம்பெனியின் பழுதுபார்க்கும் பிரிவாக நாம் சம்பளமில்லாமல் வேலை செய்கிறோம். பிள்ளை ஊரில் இல்லாத வீடு அந்தக் கணக்கில் வராது.

இங்கே என் குற்றத்தையும் எழுதிவிட வேண்டும். இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறேன். "ஏதோ தவறு நேர்ந்தது, மீண்டும் முயலவும்" என்ற வாக்கியத்தை நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். உள்ளே பன்னிரண்டு விதமான பிழைகளைத் தனித்தனியாகப் பிரித்து லாக் ஃபைலில் அழகாகப் போடுவோம், அது எங்களுக்கு. வெளியே ஒரே வாக்கியம், அது உங்களுக்கு. பயனரைக் குழப்பக்கூடாது என்று மீட்டிங்கில் காரணம் சொல்வோம். அம்மா குழம்பவில்லை. தப்பாகச் சொன்னதைச் சரியாக நம்பினார், அவ்வளவுதான்.

வீட்டில் செய்தது

இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று, கிளம்புவதற்கு முன் செய்ததை எழுதுகிறேன்.

டிவியை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பெயருக்கு மாற்றினேன். வேகம் குறைவு, ஆனால் சுவர் தாண்டி வரும், செய்தியும் சீரியலும் பார்க்க அது தாராளம். சேனலை 6 என்று நிலையாக வைத்தேன். தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் 12, 13-க்குப் போகலாம். அமெரிக்க அமைப்பில் வந்த சில கருவிகளுக்கு அவை தெரியாது. ஒட்டுப்பெயரில் 5ஜி என்பதை எடுத்துவிட்டு, இரண்டு பெயரையும் "டிவி" என்றும் "போன்" என்றும் வைத்தேன்.

கடவுச்சொல்லைச் சின்ன எழுத்து மட்டும் கொண்ட நீளமான ஒன்றாக மாற்றி, பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். வெறும் எட்டு எண் வைக்காதீர்கள், பத்துக் கோடி வாய்ப்புதான், இன்றைய கணினிக்கு அது பெரிய விஷயமில்லை. ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். கரண்ட் வந்ததும் டிவி முந்திக்கொண்டு தேடி, ரூட்டர் எழுவதற்குள் தோற்றுப்போவது அதனால் நின்றது. முடிந்தால் டிவிக்கு லேன் கம்பியே இழுத்துவிடுங்கள். மேலே சொன்ன ஐந்து படியில் முதல் மூன்றும் கம்பியில் கிடையாது.

கடைசியாக, டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஒரு தட்டு மாட்டினேன். 2004 முதல் இருக்கிறது, மாதக் கட்டணம் இல்லை, கடவுச்சொல் இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி மழையில் தட்டும் வேலை செய்யாது, தெரியும். ஆனால் ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி இருக்கவேண்டும் என்பது கடலோரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஃபைபர் எடுக்கும்போது அதை மறந்தவன் நான்.

தட்டு மாட்ட மாடிக்கு ஏறினபோது ராமேஸ்வரம் தூர்தர்ஷன் கோபுரம் தெரிந்தது. 323 மீட்டர், நாட்டிலேயே மிக உயரமான கோபுரங்களில் ஒன்று. வீட்டு ஆன்டெனாவுக்கு வந்துகொண்டிருந்த பழைய அனலாக் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் நாட்டின் பெரும்பாலான இடங்களில் 2022-க்குள் முடித்துக்கொண்டது. எங்கள் டிவியின் பின்னால் அந்த ஆன்டெனா துளை இன்னும் காலியாக இருக்கிறது.

தட்டைத் திருப்பிக்கொண்டே கீழே குரல் கொடுத்தேன்.

"தெரியுதாம்மா?"

"இல்ல... இன்னுங் கொஞ்சம்... வருது வருது... நிப்பாட்டு, அப்படியே நிப்பாட்டு!"

மூன்று வாரமாக ஒரு இயந்திரத்திடம் தப்பு செய்தவராக இருந்த அம்மா, அரை நிமிஷத்தில் எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.